பானைப்பாறையின் இயற்கை நிலை

அணு உலையை நிறுத்திய ஐந்தாவது வருஷம் மூல்கே கிராமத்துக் கடல் பழைய குளிருக்குத் திரும்பியது. அதற்கு முன் முப்பத்தாறு வருஷம் உலையின் வெந்நீர் வாய்க்கால் வழியாக வந்து அங்கேதான் விழுந்தது. ஜனவரியில் இறங்கினாலும் கால் விறைக்காது. ஆனால் பாறைகளில் சாறு வைக்கும் கடற்பாசி ஒரு முழத்துக்கு மேல் வளராது. நுனி வெளுத்து உதிர்ந்துவிடும். வாய்க்கால் வற்றிய பிறகு வருஷத்துக்கு வருஷம் பாசி நீண்டது. போன வசந்தத்தில் ஆள் உயரத்துக்கு வந்தது. கறுத்து, தடித்து, கடித்தால் நறுக்கென்றது.

ஊருக்கு முன்னால் பதினேழு பாறைகள். செப்டம்பர் கடைசியில் மீனவர் சங்கக் கொட்டகையில் சீட்டு எடுத்து வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். சீட்டு விழுந்த வீட்டார் நவம்பரில் இறங்கிப் பாறையைச் சுரண்ட வேண்டும். நீளக் காம்பு போட்ட இரும்புச் சுரண்டியால் கல்லில் ஓடாக ஒட்டியிருக்கும் கொட்டலசு, சிப்பி, களை எல்லாவற்றையும் கல் தெரிய வழித்துவிட்டால்தான் பாசி வித்து வந்து ஒட்டும். சந்திரக் கணக்குப்படி பத்தாம் மாதப் பௌர்ணமிக்குள் சுரண்டி முடிக்காத வீட்டுக்கு அந்தப் பாறை கிடையாது. அடுத்த மூன்று வருஷம் சீட்டும் கிடையாது.

அந்த வருஷம் பானைப்பாறை பியோ கப்-சுன் வீட்டுக்கு விழுந்தது. பதினேழில் பெரியது அதுதான். இரண்டு பக்கமும் அலை வாங்கும். மூல்கேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முப்பத்தோரு வருஷத்தில் அவள் கைக்கு அது வருவது முதல் தடவை. சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் உப்புக்குப் பெயர் கொடுக்க வட்டார அலுவலகத்துக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் மூன்று தடித்த புத்தகங்கள், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி நூலால் கட்டிக் கிடந்தன. உலையைப் பிரித்தெடுப்பதால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்த வரைவு அறிக்கை, பொதுமக்கள் பார்வைக்கு என்று அட்டையில் எழுதியிருந்தது. பொதுமக்களில் ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. பொழுது போகாமல் கப்-சுன் இரண்டாவது புத்தகத்தைத் திறந்தாள். நடுவில் மடித்து வைத்த வரைபடம் இருந்தது.

அதில் ஊரை முதலில் கண்டுபிடித்தாள். பிறகு பாறைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பானைப்பாறை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கனமான உலைப் பாகங்களைக் கப்பலில் ஏற்றுவதற்கான தற்காலிகத் துறை என்று குறிப்பு சொன்னது. கீழே இரண்டு வரிகள்: "பயன்பாட்டில் இல்லாத பாறைப் பகுதி. பாசியோ மீன்பிடிப்போ பதிவாகவில்லை."

உப்புக்குப் பெயர் கொடுக்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் கு தே-சிக் அடுப்பங்கரையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தான். உலைக்குள் ஒப்பந்தக்காரனிடம் இருபத்திரண்டு வருஷம் தொழிலாளர்களின் உடுப்புத் துவைத்தவன். உலை நின்றதும் அவனும் நின்றுவிட்டான்.

"நீ தப்பாப் பாத்திருப்ப," என்றான்.

"பானைப்பாறைய எனக்குத் தெரியாதா?"

"படத்துல எல்லாப் பாறையும் உருளக்கெழங்கு மாதிரிதான் இருக்கும் ஏளா."

"பாசி இல்லேன்னு எழுதியிருக்கான். என்னைக்கு வந்து பாத்தான்னு தேதியும் போட்டிருக்கான். ஆகஸ்ட் ஒம்பது. பாசியெல்லாம் வெட்டி முடிஞ்ச பெறகு."

தே-சிக் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஆகஸ்ட்ல பனி பெய்யலன்னும் எழுதியிருக்கானா?"

"சிரிக்காதீங்க. ஒடச்சுப் போடப் போறாவ."

"ஒடைக்கட்டும். உள்ள கெடக்கிற சனியன வெளிய கொண்டுபோவணும்லா? கழட்டிட்டுப் போடான்னு ஊரே கத்திச்சு. கழட்டணும்னா எடம் வேண்டாமா?"

"இருக்கிற பதினாறும் கண்ணுல படல. எனக்கு விழுந்ததுதான் படுதா?"

தே-சிக் அடுத்த நெத்திலியைக் கிள்ளினான். "பாசி பதிவாகலன்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டான்.

"ஆமா."

"அதுல பொய் இல்லியே ஏளா."

அதில் பொய் இல்லை. வழி நெடுக அதைத்தான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். அங்கே பிள்ளை பெற்றவளுக்கு மூன்று வேளையும் பாசிச் சாறுதான். அணு உலைக்குப் பக்கத்தில் விளைந்த பாசியை எந்த மாமியார் வாங்கி மருமகளுக்கு ஊற்றுவாள்? உலை வந்த நாளிலிருந்து மூல்கேக்காரர்கள் தங்கள் பாசியைக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொங்பா ஊர்ப் பெயரில்தான் விற்றார்கள். சொங்பாவிலிருந்து பார்த்தால் உலை தெரியாது. அந்த ஊர் அச்சடித்த காகிதத்தைச் சுற்றிக் கட்டு கட்டி அனுப்புவார்கள். பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு சொங்பாவுக்கு. அரசாங்கப் பதிவில் மூல்கேயின் பாசி விளைச்சல் நாற்பது வருஷமாகப் பூஜ்யம்.

மறுநாள் காலை சங்கத் தலைவர் மா யோங்-தாலைப் பார்க்கப் போனாள். கொட்டகையில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மதினி. பானைப்பாறைக்காரி. இனிம எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?"

"கொழுந்தனாரே, அந்தப் புஸ்தகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"வந்த அன்னைக்கே."

"அப்பறம் ஏன் சீட்டுல பானைப்பாறையப் போட்டிய?"

யோங்-தால் ஒரு குண்டைக் கோத்து முடிச்சுப் போட்டார். "சீட்டுல பதினேழு போடுறது வழக்கம். பதினாறு போட்டா ஏன்னு கேப்பாவ. கேட்டா சொல்லணும். சொன்னா, பாசி எங்க வித்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும். இந்த வசந்தத்துல வெட்டுனது நானூறு கட்டு கொட்டகையில கெடக்கு. எல்லாத்துலயும் சொங்பான்னுதான் இருக்கு."

"அதுக்காக நம்ம பாறை இல்லேன்னு ஆயிருமா?"

"ஒரு பாறைதான மதினி."

"ஒங்க சீட்டுல விழுந்திருந்தா?"

"எனக்கு விழாது," என்றார் யோங்-தால். "எனக்கு என்னைக்கு நல்ல பாறை விழுந்திருக்கு?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கப்-சுன் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "கருத்துக் கேப்புக் கூட்டம் பன்னெண்டாந் தேதி. வாங்க. துண்டு குடுப்பாவ, வாங்கிக்கோங்க. வாயத் தொறக்காதீங்க."

பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம். வாசலில் ஆளுக்கு ஒரு துண்டும் அரிசிப் பலகாரப் பொட்டலமும் கொடுத்தார்கள். மேடையில் ஐந்து பேர். ஒருவர் முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டினார். கதிர்வீச்சு எவ்வளவு, தூசி எவ்வளவு, லாரி எத்தனை. பிறகு ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றார்கள். ஒருவர் லாரிச் சத்தத்தால் தன் மாடு பால் மறக்குமா என்று கேட்டார். இன்னொருவர் வேலை உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தர வேண்டும் என்றார். கை தட்டினார்கள்.

கப்-சுன் எழுந்தாள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியதும் தன் மூச்சுச் சத்தமே கேட்டது.

"துறை கட்டப்போற எடத்துல இருக்கிறது பானைப்பாறை. அதுல பாசி இருக்கு. நாங்க வெட்டுதோம்."

படம் காட்டியவர் அறிக்கையின் பக்கத்தைப் புரட்டினார். குரலில் குறையில்லாத மரியாதை. "அம்மா, இந்த ஊர்ச் சங்கத்தோட விளைச்சல் பதிவை நாங்க முழுசாப் பார்த்திருக்கோம். பாசி பூஜ்யம்னுதான் இருக்கு."

அவள் யோங்-தாலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தே-சிக் அவள் ஜாக்கெட் நுனியைப் பிடித்து இழுத்தான்.

"சொங்பா பேர்ல விக்கோம்," என்றாள். "நாப்பது வருஷமா."

அரங்கில் எழுந்த சத்தத்தில் மீதியை யாரும் கேட்கவில்லை. மேடைக்காரர் மட்டும் எழுதிக்கொண்டார். அவளுடைய கருத்தின்படி துணை ஆய்வு ஒன்று நடத்தப்படும் என்று அறிவித்தார்.

ஒரு வாரத்துக்குள் சொங்பாவிலிருந்து இரண்டு பேர் வண்டியில் வந்து மிச்சமிருந்த அச்சுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நானூறு கட்டும் கொட்டகையில் நின்றது. மொத்த வியாபாரி தொலைபேசியை எடுக்கவில்லை. கப்-சுன் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. வழக்கமாக ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து வீடு வீடாகக் கிம்ச்சி போடுவார்கள். அந்த வருஷம் அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அறுபது முட்டைக்கோஸை அவளும் தே-சிக்குமாகப் பிளந்து, உப்பில் போட்டு, அலசி, மிளகாய்க் கூழைத் தடவினார்கள்.

"வருஷா வருஷம் வார இல்-பூன் அக்காகூட வரல பாத்தீங்களா," என்றாள்.

"அவ வராததுதான் நல்லது. பூண்ட அள்ளிப் போடுவா." தே-சிக் கையுறையோடு மூக்கைத் துடைத்தான். மூக்கு சிவந்தது. "நாலு வார்த்தை பேசின. அறுபது கோசு. நாப்பது வார்த்தை பேசியிருந்தா என் இடுப்பு போயிருக்கும்."

நவம்பர் இரண்டாம் தேதி ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். சின்னப் படகு. சொக் என்பவன் தலைமை. நாற்பது வயதிருக்கும், நகரத்துக்காரன், கடல் வேலையில் முகம் கறுத்திருந்தது. பானைப்பாறையைச் சுற்றி நான்கு மிதவை போட்டு மஞ்சள் கயிறு கட்டினார்கள். பிறகு அவனே கப்-சுன் வீட்டைத் தேடி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பழச்சாறுப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தான். கூட்டத்துக்குப் பிறகு அவள் வீட்டுப் படியேறிய முதல் ஆள். அவள் பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மா, உங்க பேச்சாலதான் இந்த ஆய்வே வந்துச்சு. ஏப்ரல் வரைக்கும் மாசம் ஒரு தடவை மூழ்கிப் பார்ப்போம். பாசி இருந்தா அப்படியே எழுதுவோம். ஒளிக்க மாட்டோம்."

"அது போதும் ஐயா. நீங்க நல்லாருக்கணும். இந்த மாசம் நான் சுரண்டிட்டு இருப்பேன். நீங்க வார அன்னைக்குச் சொல்லுங்க, வெலகிக்கிடுதேன்."

சொக் கோப்பையைக் கீழே வைத்தான். "சுரண்டுறதுன்னா?"

அவள் சொன்னாள். சுரண்டியை எடுத்து வந்து காட்டவும் செய்தாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அது கூடாதும்மா. கயித்துக்குள்ள யாரும் தொடக் கூடாது. பாறை இயற்கை நிலையில என்ன தருதுன்னுதான் பார்க்கணும்."

"சுரண்டாட்டா ஒண்ணும் தராது."

"அப்ப அதுதானே அதோட இயற்கை நிலை?"

"ஐயா, ஒங்க அம்மா வீட்டுல வயல் உண்டா?"

"உண்டு."

"உழாம, நடாம, ஆறு மாசம் கழிச்சுப் போய் நின்னு, இதுல நெல்லு இல்லன்னு எழுதிட்டு வருவீங்களா?"

சொக் சுரண்டியின் இரும்பைத் தொட்டுப் பார்த்தான். "வயல்னா வயல்னு பதிவு இருக்கும்," என்றான். "இது பாறைன்னுதான் பதிவு. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. விதியில அதுக்கு இடம் இல்லை."

"யாரக் கேட்டா எடம் வரும்?"

அவன் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தான்.

அந்த எண்ணில் பேசிய பெண், ஆய்வு முறையைத் தீர்மானிப்பது தலைநகரில் இருக்கும் ஆணையம் என்றாள். ஆணையத்தில் பேசியவர், ஆணையம் முடிந்த அறிக்கையைத்தான் பார்க்கும், முறை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பு என்றார். வட்டார அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "தங்கள் கருத்துக்கு நன்றி. ஆய்வுப் பகுதியின் இயற்கை நிலை பாதுகாக்கப்படும் என உறுதியளிக்கிறோம்."

தே-சிக் அதை இரண்டு தடவை படித்தான். "நல்ல தாளு," என்றான். "மாசா மாசம் என் உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்குன்னு எழுதுவானே, அதே தாளு."

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கையில் யோங்-தால் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்று பேசினார்.

"தே-சிக் அண்ணே, எல்லாப் பாறையும் முடிஞ்சுது. ஒங்களுதுதான் பாக்கி."

"கயிறு கட்டியிருக்கான் தெரியும்லா?"

"தெரியும். கயித்த நான் கட்டலயே."

உள்ளேயிருந்து கப்-சுன் வந்தாள். "சுரண்டலன்னா சீட்டுல இருந்து எடுத்துருவிய. அப்படித்தான?"

"நான் எடுக்கல மதினி. வழக்கம் எடுக்குது."

"அவன் விதிங்கான். நீங்க வழக்கங்கிய. எங்கிட்ட மட்டும்தான் கையும் காலும் இருக்கு போல."

யோங்-தால் போகாமல் நின்றார். நானூறு கட்டும் நகராமல் கிடந்ததில் ஆள் இளைத்திருந்தார். "கோவத்துல சொல்லல. கூட்டத்துல நீங்க சொன்னது பொய்யின்னு ஒருத்தனும் சொல்லல பாத்தியளா? ஆனா எவனுக்கும் அது வேண்டாம். அவ்வளவுதான்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். முள்ளங்கிச் சாறு ஆறி ஆடை கட்டியது.

"சுரண்டலன்னா ஏப்ரல்ல பாசி இல்லன்னு எழுதுவான்," என்றாள். "பாறை போகும். சுரண்டினா ஆய்வக் கெடுத்துட்டேன்னு எழுதுவான். அப்பயும் பாறை போகும்."

"அப்ப சும்மா இரி. தண்ணி ஒம்பது டிகிரி."

"சும்மா இருந்தா, அங்க ஒண்ணுமே இல்லன்னு நானும் சேந்து சொன்ன மாதிரி ஆயிரும்."

தே-சிக் கரண்டியை வைத்தான். "என் முட்டி மடங்காது. கயிறு பிடிப்பேன், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள வரமாட்டேன்."

"யாரு கூப்பிட்டா?"

பௌர்ணமிக்கு முந்தின நாள் உச்சி வேளையில் கடல் நன்றாக வற்றியது. வடகாற்று சுத்தமாக நின்றிருந்தது. மஞ்சள் கயிற்றை ஒரு கையால் தூக்கிக் கப்-சுன் உள்ளே நுழைந்தாள். தே-சிக் பாறை உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்து, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

ரப்பர் உடைக்குள் முதுகு வழியாக முதல் தண்ணீர் இறங்கும்போது மூச்சு நின்று வந்தது. மார்பளவு நீரில் காலைப் பொந்தில் ஊன்றி, சுரண்டியைக் கல்லோடு படிய வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் போட்டாள். கொட்டலசு நறநறவென்று பெயர்ந்தது. அலை வரும்போது பாறையைக் கட்டிக்கொள்வாள். போகும்போது தள்ளுவாள். போன இரண்டு வருஷமும் மேலோட்டமாகச் சுரண்டிவிட்ட பாறை. பெயர்ந்த சிப்பியைத் தின்னச் சின்ன மீன்கள் கூடின. அரை மணியில் விரல் மரத்தது. ஒரு மணியில் தோளும் மரத்தது. வழித்த இடத்தில் கல் சாம்பல் நிறத்தில் சுத்தமாகத் தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை.

கரையில் மூன்று நான்கு பேர் நின்று பார்த்தார்கள். உலைப் பக்கமிருந்து படகுச் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்கம்மா!" சொக் படகில் எழுந்து நின்று கத்தினான். "அம்மா! நிறுத்துங்க!"

"அவ காது தண்ணிக்குள்ள இருக்கு," என்றான் தே-சிக். "எங்கிட்ட சொல்லு, நானும் கேக்க மாட்டேன்."

படகு பாறையை ஒட்டி நின்றது. கப்-சுன் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இவ்வளவு தூரம் வந்து, இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா," என்றான் சொக். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். "இனி இந்தப் பாறையை ஆய்வுலயிருந்து எடுத்துருவாங்க. தகவல் இல்லைன்னு போட்டுட்டுத் துறை கட்டிருவாங்க."

"சுரண்டாம இருந்தா?"

அவன் மிதவைப் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

"சொல்லு ஐயா. நீ நல்லவன். ஏப்ரல்ல என்ன எழுதியிருப்ப?"

"பாசி இல்லைன்னு எழுதியிருப்பேன்."

"சரி. இப்ப என்ன எழுதணும்?"

"சேத அறிக்கை எழுதணும். யார், எங்கே, ஏன்னு." ஈரம் படாத உறையிலிருந்து படிவத்தை எடுத்தான். பேனா குளிரில் எழுத மறுத்தது. வாயில் வைத்து ஊதினான். "இடம், பகுதி ஏழு."

"பானைப்பாறை."

"இங்கே எண்தான் போடணும்மா."

"எண்ணுக்குப் பக்கத்துல எடம் கெடக்குல்லா. எழுது. பானைப்பாறை, மூல்கே."

எழுதினான். "செஞ்சவங்க பேர்?"

"பியோ கப்-சுன். அதே ஊரு."

"காரணம்?"

"பாசி வளக்க."

சொக் பேனாவை நிறுத்தினான். "அப்படி எழுதினா மேல கேள்வி வரும்."

"வரட்டும். நாப்பது வருஷமா ஒரு கேள்வியும் வரல."

அவன் எழுதினான். அலை ஒன்று வந்து அவளைப் படகோடு சேர்த்து அழுத்திவிட்டுப் போனது. தே-சிக் கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

"படிச்சுக் காட்டு," என்றாள்.

"பகுதி ஏழு. பானைப்பாறை, மூல்கே. அதே ஊரைச் சேர்ந்த பியோ கப்-சுன் என்பவர் பாசி வளர்ப்பதற்காகப் பாறையின் மேற்பரப்பைச் சுரண்டிச் சேதப்படுத்தியுள்ளார். சேதமான பரப்பு..." சொக் நிமிர்ந்து பாறையைப் பார்த்தான். ஒரு பக்கம் சாம்பல் நிறமாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருந்தது. "எவ்வளவு போடுறது? பாதியா?"

கப்-சுன் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

"முழுசுன்னு எழுது. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்."

தே-சிக் கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்து விட்டான்.